உப்புக்காரியின் மூன்று மாதம்

வறண்ட மாதங்களில் அந்த வீட்டுக் கிணற்றில் கடல் ஏறும். ஏறிவிட்டதா, இன்னும் இரண்டு நாள் பொறுக்குமா என்று விடியற்காலையில் ஒரு வாய் நீரைச் சுவைத்துச் சொல்வதே கடைக்குட்டிப் பெண்ணுக்கு வீட்டார் ஒதுக்கியிருந்த வேலை. அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கழிமுகத்துக்குப் போவான். தங்கை கிணற்றடியில் நின்று, “இன்னைக்குக் குடிக்கலாம்” என்பாள். அல்லது முகத்தைச் சுளிப்பாள். அவள் சுளித்த நாளில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியவளும் அவளே. ஆகவே பொய் சொல்வதற்கு அவளுக்கு நல்ல காரணம் இருந்தது. ஆயினும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த நாக்கு பின்னாளில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரை வாங்கித் தந்தது. கழிமுக ஆய்வு நிலையத்தில் அவளை எல்லாரும் உப்புக்காரி என்றே அழைத்தார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

நிலையத்தில் அவளுடைய வேலை வகை பிரிப்பது. மாதம் ஒருமுறை படகோட்டியோடு புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தடியிலிருந்து கடல்வாய் மணல்மேடு வரைக்கும் ஐந்து இடங்களில் நிற்பாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு புட்டி நீர் எடுப்பாள், வெப்பமானியை இறக்குவாள், உப்புமானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்று எழுதிக்கொள்வாள். பிறகு சிறு வலையைப் பத்து நிமிடம் இழுப்பார்கள். வலையில் ஏறியதையெல்லாம் வாளியோடு கொண்டுவந்து, நிலையத்தின் பின்னறையில் இருந்த சிமெண்டு மேசையில் கொட்டி, வெள்ளைத் தட்டுகளில் இனம் இனமாகப் பிரிப்பாள். பிடித்தவை அழுகாமலிருக்க ஊற்றும் மருந்தின் நெடி கண்ணைக் கரிக்கும். இடுக்கியின் நுனியில் ஓர் அரிசியளவு இறாலைத் தூக்கிப் பிடித்து, அதன் நெற்றி முள்ளில் எத்தனை பல் என்று எண்ணுவாள். படித்தவர்கள் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னதை அவள் வெறுங்கண்ணால் சொன்னாள். அவள் படித்ததோ எட்டாம் வகுப்பு.

பதிவேட்டில் அவளுக்கென்று ஒரு விதி இருந்தது. வலையில் வராத உயிரின் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதமாட்டாள். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுவாள். “இல்லைன்னு சொல்றதுக்கு நான் என்ன ஆத்துக்கு அடியில குடியிருக்கேனா?” என்பாள்.

முதலாண்டுப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று வகைகள் இருந்தன. மடவை, கொடுவா, விலாங்கு, குழல்மீன், கடற்குதிரை, நான்கு வகை நண்டு, ஏழு வகை இறால், மட்டி, ஊரி, சேற்றுக்குள் வளை தோண்டும் புழுக்கள் எனப் பக்கம் நிறைந்து வழிந்தது. பத்தாம் ஆண்டில், நான்காவது இடத்துக்கு அருகே, ரசாயன ஆலையின் கழிவுநீர்க் குழாய் வந்து இறங்கியது. பத்தொன்பதாம் ஆண்டில் வகைகள் பதினொன்று.

அந்தப் பத்தொன்பது பதிவேடுகளுக்கும் ஒரு நாளில் மதிப்பு வந்தது. ஆலை இரண்டாவது குழாய்க்கு அனுமதி கேட்டது. கேட்டதை விசாரிக்க மூவர் அடங்கிய குழு ஒன்று அமைந்தது. கழிமுகத்தின் உயிர்கள் முதற்குழாய் வந்த பின்பு குறைந்தன என்று மெய்ப்பித்தால் இரண்டாவது குழாய் வராது. ‘எந்நாளும் இங்கே பதினொரு வகைதான்’ என்றது ஆலை. அப்படி இல்லை என்று காட்டுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே சான்று உப்புக்காரியின் கையெழுத்து. இரண்டாவது குழாய் வந்து இறங்கப்போகும் இடமோ அவள் அண்ணன் வலை கட்டும் இடம்.

கணவன் கைவிட்டுப் போன நாள்முதல் அவள் அந்த அண்ணன் வீட்டில், பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவன் சோறு போட்டான். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தான். ஆனால் விசாரணைச் செய்தி வந்த அன்று, ஆயுளில் முதன்முறையாக, தங்கையின் எதிரே உட்கார்ந்து பேசினான்.

“உன் நோட்டுல இருக்கிறதுதான் எனக்கு இப்போ சாமி. புரியுதா?”

“நோட்டு இல்லண்ணே, பதிவேடு.”

“ஏதோ ஒண்ணு. அதைக் கரையான் அரிக்காமப் பாத்துக்கோ.”

கரையான் அரிக்கவில்லை. வேறொன்று அரிக்கத் தொடங்கியது.

நிலையத்தின் கண்காணிப்பாளர் சிரித்த முகக்காரர். விருந்தாளிகள் வந்தால் அவருக்குக் கைவசம் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று கண்ணாடிக் குவளைகளில் மூன்றிடத்து நீரை ஊற்றி வைத்து, “எங்க நிலையத்து நடமாடும் உப்புமானி!” என்று உப்புக்காரியை அழைப்பார். அவள் சுவைத்து, “எட்டு, பதினெட்டு, முப்பது” என்பாள். கருவியும் அதையே சொல்லும். மிஞ்சிப்போனால் ஒன்று கூடும், ஒன்று குறையும். விருந்தாளிகள் கைதட்டுவார்கள். கண்காணிப்பாளர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவளிடம் நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம், வித்தை காட்டிய நாய்க்குட்டி ஒன்று அவள் நினைவுக்கு வரும். அது வாலாட்டும், அவள் வாலாட்டுவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்தக் கண்காணிப்பாளர் தம் மைத்துனனின் இறால் பண்ணைக்கு நிலையத்து உப்புமானியை ஒருநாள் இரவல் கொடுத்தார். மைத்துனன் அதைக் குளத்தில் நழுவவிட்டான். சேற்றைத் துழாவி எடுத்தபோது கண்ணாடி விரிசல் கண்டிருந்தது. புதியது கேட்டால், பழையது எங்கே போய் உடைந்தது என்று மேலிடம் கேட்கும். ஆகவே அவர் புதியது கேட்கவில்லை, உப்புக்காரியை அழைத்தார்.

“ஏம்மா, உன் வாயிலேயே ஒரு உப்புமானி இருக்கே. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?”

“சார், அது வேடிக்கைக்கு. இது பதிவேட்டுக்கு.”

“ஒரு மாசம்தாம்மா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கு, வந்துடும். இடையில ஒரு கட்டம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? விசாரணை வேற வருது.”

“அப்படின்னா எழுத்துல குடுங்க சார்.”

அவர் உரக்கச் சிரித்தார். “எழுத்துலயா? சரி, குடுக்கிறேன். கூடவே உன் வேலைக்கும் எழுத்துலயே ஒண்ணு குடுத்துடறேன். ரெண்டையும் சேத்து வாங்கிட்டுப் போறியா?”

அவள் புட்டிகளை எடுத்துக்கொண்டு படகடிக்குப் போனாள். ஒரு மாதம் எட்டு மாதமாயிற்று.

நீரைச் சுவைத்தால் துப்பிவிட வேண்டும். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரால் மும்முறை வாய் கொப்பளிக்க வேண்டும். அடுத்த இடம் வரும்வரை எதையும் வாயில் இடக்கூடாது. இந்த முறைமையை அவள் அணுவளவும் தவறாமல் கடைப்பிடித்தாள். நான்காவது இடத்தில் மட்டும் படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“அக்கா, இந்தத் தண்ணி பட்டா என் காலே அரிக்குது. நீ என்னடான்னா தேன் மாதிரி நக்குறே.”

“உன் கால் அரிச்சா சொறிஞ்சுக்கோ. நாக்கை எப்படிச் சொறியறது?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

மூன்றாம் மாதம் நாக்கின் ஓரங்கள் வெடித்தன. நான்காம் மாதம் எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவதுபோல் இருந்தது. அப்போதும் உப்பு தெரிந்தது. துருவுக்கு அடியில், கிணற்றின் ஆழத்தில் கிடக்கும் செம்புபோல, மங்கலாகத் தெரிந்தது. ஐந்தாம் மாதக் கடைசியில் அதுவும் போயிற்று.

போனதை அவள் அண்ணியின் வாயிலாக அறிந்தாள். அன்று சமையலில் உப்பிட மறந்துவிட்டாள் அண்ணி. அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். உப்புக்காரி தன் தட்டை வழித்துத் துடைத்துத் தின்று முடித்திருந்தாள்.

“ஏன் நாத்தனாரே,” என்று அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீ என்ன, குப்பையையும் விடமாட்டியா? ஊருக்கெல்லாம் உப்பு சொல்ற நாக்கை வாடகைக்கு விட்டுட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாத்திரம் கழுவும் சாக்கில் உள்ளே போய், உப்புச் சாடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் இட்டுக் கடித்தாள். மணலைக் கடித்ததுபோல் இருந்தது.

மறுநாளே அவள் போய்ச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? கண்காணிப்பாளரிடம் சொன்னால் வேலை போகும். வேலை போனால், அண்ணன் வீட்டில் அவள் இருந்த பக்கத்து அறை இன்னும் சிறுத்துப்போகும். அண்ணனிடம் சொன்னால் பதிவேட்டில் விழப்போகும் ஓட்டையை எண்ணி அவன் கொதிப்பான். விசாரணைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அந்த மூன்று மாதமும் அவள் ஒரு காரியம் செய்தாள். நாக்கைக் கேட்பதை விட்டுவிட்டு வாளியைக் கேட்டாள். புள்ளி நண்டு வந்திருந்தால் உப்பு இருபத்தைந்துக்கு மேல். நீலக்கால் இறால் வந்திருந்தால் ஐந்துக்குக் கீழ். மட்டி வாய் திறந்திருந்தால் பதினைந்து, இறுக மூடியிருந்தால் அதற்கும் குறைவு. பதினெட்டு ஆண்டுக்கு மேல் கருவியும் கண்ணுமாய் அவள் கற்ற கணக்கு இது. முதலில் உயிர்களை எண்ணினாள்; அவற்றைப் பார்த்து நீரின் உப்பை எழுதினாள். இது பொய்யென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாக்கு ஏமாற்றலாம், கருவி உடையலாம்; நண்டு ஏமாற்றுமா?

விசாரணைக்கு இருபது நாள் இருக்கையில், மீனவர் சங்கத்தின் வேண்டுகோளுக்கு இணங்கிப் புள்ளியியல் படித்த இளம்பெண் ஒருத்தி வந்தாள். பின்னறை மேசையிலேயே கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, மருந்து நெடிக்குத் தும்மித் தும்மி, பத்தொன்பது ஆண்டுப் பதிவுகளையும் ஏற்றினாள். உப்புக்காரியை ‘அக்கா’ என்றாள். அவளுடைய கையெழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “இப்படி ஒரு பதிவேடு எங்க கல்லூரியில கூட இல்லக்கா” என்றாள். அன்றெல்லாம் உப்புக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்காம் நாள் அந்தப் பெண் ஒரு படத்தைத் திரையில் காட்டினாள்.

“அக்கா, இங்க பாருங்க. இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் உயிர் வகை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள்ல ஒரு இடம். இத்தனை வருஷமும் புள்ளியெல்லாம் சிதறித்தான் கிடக்கு. இயற்கைன்னா அப்படித்தான் இருக்கும். கடைசி மூணு மாசம் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி கோட்டு மேல வரிசையா நிக்குது. எப்படி?”

உப்புக்காரி சொல்லிவிட்டாள். இறால் பண்ணையில் தொடங்கி, உப்புக்கல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு சிறிய பெருமைகூட இருந்தது. கருவியின்றியே நீரைப் படித்தவள் அல்லவா?

அந்தப் பெண் கோட்டுமேல் நின்ற புள்ளிகளை விரலால் தொட்டாள்.

“அக்கா, நண்டைப் பாத்து உப்பை எழுதியிருக்கீங்க. நாங்க அந்த உப்பை வெச்சு, நண்டு குறைஞ்சதுக்குக் காரணம் உப்பா, குழாயான்னு விளக்கப் பாக்கிறோம். அப்படின்னா அந்த மூணு மாசமும் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் கையாலேயே, தன் பதிவேட்டிலேயே, பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள். ‘இல்லை’ என்று எழுத அஞ்சியவள், இருந்ததாக எழுதிவிட்டாள்.

அந்தப் பெண் கெட்டவள் அல்லள். கருவியின்றி எழுதிய எட்டு மாதத்தையும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் குழுவிடம் கொடுப்பதாகச் சொன்னாள். நீக்கியதற்குக் காரணம் காட்ட வேண்டுமல்லவா? ஆகவே உப்புக்காரியின் நாக்கு செத்துப்போனதையும் குறிப்பிட்டு, உப்புமானியை எப்போது, எங்கே பழுதுபார்க்கக் கொடுத்தீர்கள் என்று கண்காணிப்பாளருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினாள். நல்லவர்கள் செய்யும் முறையான காரியம் அது. ஆடு தானாகவே கசாப்புக் கடைக்கு வழி கேட்டதுபோல் ஆயிற்று.

விசாரணைக்கு முந்தின மாலை, அண்ணன் வாசற்படியில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். உப்புக்காரி அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

“இதை அங்க சொல்லப்போறியா?”

“கேட்டா சொல்லணும்.”

“கேட்டாலும் சொல்லாதே. கருவியில அளந்தேன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. சின்ன வயசுல கிணத்துத் தண்ணிக்குக் கூட பொய் சொல்லாம, குடம் குடமாத் தூக்கிச் செத்தியே, அதுல என்ன கிடைச்சுது உனக்கு? கூன்தான் விழுந்துச்சு.”

“பொய் சொல்லி மாட்டிக்கிட்டா பத்தொன்பது வருஷமும் போயிடும்ணே. உண்மையைச் சொன்னா எட்டு மாசம்தான் போகும்.”

“உனக்கு யாரு சொன்னா?” என்றான் அவன்.

விசாரணை நிலையத்தின் கூடத்திலேயே, முற்பகலில் நடந்தது. மூவரும் மேடைமேல் அமர்ந்திருந்தார்கள். மின்விசிறி காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பெரியவர், யாரையும் ‘அம்மா’, ‘ஐயா’ என்று மட்டுமே அழைப்பவர், குரலை உயர்த்தாதவர். அண்ணனும் மற்ற வலைக்காரர்களும் பின்வரிசைப் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

புள்ளியியல் பெண் எழுந்து வாய் திறக்கும் முன்பே கண்காணிப்பாளர் எழுந்தார். கடிதம் அவரை விழிக்கச் செய்திருந்தது.

“ஐயா, நிலையத்தோட பேரு கெடக்கூடாதுன்னு நானே ஒண்ணு சொல்லிடறேன். எட்டு மாசமா உப்புமானி பழுது. அந்தக் கட்டத்தைக் காலியா விடச் சொல்லி நான் உத்தரவு போட்டேன். இந்த அம்மா கேக்கலை. நாக்கால நக்கிப் பாத்து எழுதியிருக்காங்க.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆலையின் ஆட்கள் அதிகமாகச் சிரித்தார்கள். வலைக்காரர்களில் இரண்டொருவரும் தம்மை மறந்து சிரித்தார்கள்.

“உத்தரவா? நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?” என்றாள் உப்புக்காரி.

“நானா? எழுத்துல இருக்காம்மா?”

தலைவர் கையமர்த்தினார். அவருக்கும் உதட்டோரம் துடித்தது. “அம்மா, நாக்கால் அளக்க முடியும்னு சொல்றீங்களா?”

“முடியும் ஐயா. சார் விருந்தாளிங்க முன்னாடி எத்தனையோ தடவை அளக்க வெச்சிருக்கார்.”

“அப்படியா? அப்போ எங்களுக்கும் ஒரு தடவை காட்டிடுங்களேன். சரியாச் சொல்லிட்டா எட்டு மாசத்தையும் ஏத்துக்கறதைப் பத்தி யோசிக்கலாம்.”

கண்காணிப்பாளர் தாமே விரைந்து போய், ஐந்து கண்ணாடிக் குவளைகளில் நீரோடு வந்தார். ஐந்திலும் ஒன்று முதல் ஐந்து வரை எண் ஒட்டியிருந்தது. அவளுக்கு முன்னே மேசையில் வரிசையாக வைத்தார். புள்ளியியல் பெண் ஏதோ சொல்ல எழுந்து, தலைவர் பார்த்ததும் அமர்ந்துவிட்டாள்.

உப்புக்காரி முதற்குவளையை எடுத்தாள். நுனிநாக்கில் தொட்டாள். ஒன்றுமில்லை. இரண்டாவதைத் தொட்டாள். ஒன்றுமில்லை. நாக்கை மடித்து, அண்ணத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதை விழுங்கியே பார்த்தாள். தொண்டையில் குளிர்ச்சி மட்டும் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் தெரிந்தான். பலகையின் விளிம்புக்கு நகர்ந்து, ‘சொல்லு, எதையாவது சொல்லு’ என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஐந்து இடங்கள், பாலத்திலிருந்து கடல்வாய் வரை வரிசைப்படி வைத்திருந்தால் மூன்று, எட்டு, பதினைந்து, இருபது, முப்பது. அவளால் மனப்பாடமாக ஒப்பிக்க முடியும். உதடு ‘மூணு’ என்பதற்குக் குவிந்தும்விட்டது.

“எனக்குத் தெரியலைங்க ஐயா,” என்றாள். “நாக்கு செத்து மூணு மாசமாச்சு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“அப்படின்னா கடைசி மூணு மாசம் எழுதின உப்பு?”

“வலையில வந்த உயிரைப் பாத்து எழுதினேன். அது தப்பு. ஒத்துக்கறேன். அந்த எட்டு மாசத்தையும் எடுத்துடுங்க ஐயா. மத்தது அத்தனையும் கருவியில அளந்தது, கண்ணால பாத்தது. உப்பைத்தான் தப்பா எழுதினேன். உயிர்க்கணக்கு ஒண்ணுகூடப் பொய்யில்லை.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருந்துபவர்போல் பேசினார்.

“அம்மா, எட்டு மாசம் தப்பு, மத்தது சரி. இதைச் சொல்றது யாரு?”

“நான்தான் ஐயா.”

“அதுதான் சிக்கல். எது பொய், எது நெஜம்னு சொல்றதும் நீங்களே. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும். எந்தப் பக்கத்துல விழுந்துச்சுன்னு அந்த விஷத் துளியே சொல்லி, மிச்சப் பாலைக் குடிக்கச் சொன்னா நாங்க குடிக்க முடியுமா?”

பக்கத்தில் இருந்தவர் எழுதுகோலை மூடினார். புள்ளியியல் பெண் தன் கணினியையும் மூடினாள். வெளியே போகும்போது உப்புக்காரியின் தோளைத் தொட்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடம் கலைந்தது. கண்காணிப்பாளர் அவளைக் கடந்து போகையில் குனிந்து, பழைய சிரித்த முகத்தோடு கேட்டார்: “நுணலும் தன் வாயால கெடும்பாங்க. உன் நாப்பத்து மூணு வகையில நுணல் எந்த நம்பர்மா?”

அண்ணன் மட்டும் மேசையருகே வந்து நின்றான். எதையும் கேட்காமல் முதற்குவளையை எடுத்துக் குடித்தான். அடுத்ததையும் குடித்தான். பிறகு ஐந்தாவதை ஒரு வாய்.

“குழாய்த் தண்ணி,” என்றான். “எல்லாமே ஒரே குழாய்த் தண்ணி.”

ஐந்து எண்கள் சொல்லியிருந்தால் ஐந்தும் பொய்யென்று அங்கேயே மெய்ப்பித்திருப்பார்கள். பொய்க்கு ஒரு குழி வெட்டியிருந்தார்கள். மெய்க்கு வெட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இதையெல்லாம் அண்ணன் அறியாதவன் அல்லன். ஆயினும் கோபம் என்பது அறிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

“உன் நாக்கு செத்ததுக்குப் பதிலா...” என்று தொடங்கி, முடிக்காமல் போனான். முடித்த சொல்லை மறக்கலாம். அன்றிரவு முதல் அவளுடைய தட்டை அண்ணி பக்கத்து அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நையாண்டிக்குக்கூட அவளிடம் யாரும் பேசவில்லை.

வேலையிலிருந்து அவளை நீக்குவார்கள் என்று படகோட்டி எதிர்பார்த்தான். நீக்கவில்லை. நீக்கினால் உப்புமானி பற்றி மறுபடியும் ஒரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும். பத்தொன்பது பதிவேடுகளையும் கயிற்றால் கட்டி, ‘ஏற்கத்தகாதவை’ என்று சீட்டு ஒட்டி, படிக்கட்டுக்கு அடியில் தள்ளினார்கள். கயிற்றை இழுத்துக் கட்டியவள் அவளே. ஆவணங்களைக் கட்டுவதில் அவளைப்போல் இறுக்கமாக முடிச்சிடுபவர் நிலையத்தில் வேறொருவர் இல்லை.

புதிய உப்புமானி வந்தது. புதிய படிவமும் வந்தது. அதன் தலைப்பில் ‘முதலாம் ஆண்டு’ என்று அச்சிட்டிருந்தது. முதலாம் ஆண்டின் கணக்கை அவள் பழைய ஒழுங்கோடு எடுத்தாள், வகைகள் பதினொன்று. கண்காணிப்பாளர் அதை அடிப்படை எண் என்று அறிவித்து, நிலையத்தின் வாசலில் பலகை எழுதச் செய்தார். ‘இக்கழிமுகத்தின் உயிரினங்கள்: பதினொரு வகை. நிலை: இயல்பு.’ இரண்டாவது குழாய் இறங்கியது. வலை கட்ட இடமில்லாமற்போன அண்ணன், அந்தக் குழாய்க்கே காவல்காரனாக ஆலையில் சேர்ந்தான். சீருடை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் படகுகளை அதட்டினான். தங்கையின் படகைக் கண்டால் மட்டும் வேறு பக்கம் பார்த்தான்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள், நான்காவது இடத்தில், குழாயின் வெதுவெதுப்பான மேற்பரப்பில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. உப்புக்காரி கத்தியால் சுரண்டி எடுத்தாள். நகத்தளவு சிப்பிகள், ஒன்றோடொன்று நார் விட்டுப் பின்னிக்கொண்டு, கொத்துக்கொத்தாக வந்தன. அந்த ஆற்றில் அவள் அதுவரை காணாதவை. தொலைவிலிருந்து கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வந்து, சூடும் கழிவும் ஒத்துப்போன இடத்தில் குடியேறும் சாதி அது என்பதை நிலையத்து நூலில் தேடிப் படித்தாள். படிவத்தில் ‘கருஞ்சிப்பி’ என்று எழுதி, ஓரத்தில், ‘இந்நீருக்கு உரியதன்று, மட்டிப் படுகையை மூடிவிடக்கூடும்’ என்றும் சேர்த்தாள்.

கண்காணிப்பாளர் அந்த ஓரத்தை அடித்தார். “புதுப் படிவத்துல குறிப்பு எழுத இடம் கிடையாதும்மா. எண் மட்டும் சொல்லு. அது உயிருள்ளதா, இல்லையா?”

“உயிருள்ளதுதான் சார்.”

“அப்போ பன்னிரண்டு!” அவர் பலகைக்காரனை அன்றே அழைத்தார். ஆலையின் ஆண்டறிக்கையில், இரண்டாம் குழாய்க்குப் பின் உயிர்வகை பெருகியிருப்பதாக ஒரு வரி வந்தது. அந்த எண்ணைக் கொடுத்தவள் அவள். அது பொய்யான எண்ணும் அன்று.

மூன்றாம் ஆண்டில் மட்டிப் படுகைமேல் கருஞ்சிப்பி கம்பளம்போல் விரிந்தது. அவள் வலையை மும்முறை இழுக்கச் செய்தாள். கையாலும் சேற்றைத் துழாவினாள். விரல்களில் கீறல்கள் விழுந்தன. வெற்று ஓடுகளே வந்தன.

“போதும்க்கா,” என்றான் படகோட்டி. “இல்லாததை எங்கேருந்து கொண்டுவருவே?”

அவள் நிலையத்துக்குத் திரும்பி, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கண்காணிப்பாளர் அறைவாசலில் நின்று கேட்டார்: “எத்தனைம்மா இந்த வருஷம்?”

“மட்டி கிடைக்கலை சார். கருஞ்சிப்பி இருக்கு. அதோட சேத்துப் பதினொண்ணு.”

“பதினொண்ணுதானே? அடிப்படை எண்ணும் பதினொண்ணுதானே? பலகையில அதைத் திருத்திடச் சொல்லிடு. படிவத்துல ‘மாற்றமில்லை’ன்னு எழுது.”

அவள் கட்டுத்துணி சுற்றிய விரல்களால் எழுதுகோலைப் பிடித்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பலகைக்காரனைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.